ஞாபகம் எங்கே குடியிருக்கிறது?

"எத்தனை தடவை சொன்னாலும் உன் மண்டையில் ஏறாதா?"

இந்தக் கேள்வி எழாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லும் பையனைப் பார்த்து அம்மா கேட்கிறாள். ரேஷன் கார்டை வைத்த இடம் தெரியாமல் பீரோவைத் தலைகீழாக்கும் கணவனைப் பார்த்து மனைவி கேட்கிறாள். சாப்பிட்டுக் கை கழுவிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் "எனக்கு யாரும் சோறு போடவில்லையே!" என்று வாசலில் போய்ச் சொல்லும் வயதான மாமியாரைப் பார்த்து மருமகள், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறாள்.

இந்த மூன்று பேருடைய கோபத்துக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. எதிரில் இருப்பவர் மனசு வைத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், வேண்டுமென்றேதான் மனசு வைக்கவில்லை என்பது அந்த நம்பிக்கை. ஆனால், ஞாபகம் என்பது மனசோடு முடிந்துவிடுகிற சங்கதி அல்ல. புண் ஆறுவது போல, ஒடிந்த எலும்பு கூடுவது போல, அதுவும் உடம்புக்குள் நடக்கிற ஒரு வேலை. அதற்குச் சாமான் வேண்டும், நேரம் வேண்டும். அந்த வேலை எங்கே, எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டிலுள்ள கோபத்தில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பல்ல!

உப்பும் பதமும்

இதைப் புரிந்துகொள்ள ஆம்பூர்ப் பக்கம் ஒரு நடை போய் வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு ஜில்லா முழுவதும் தோல் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே பச்சைத் தோலுக்கு இரண்டு விதமான பாதுகாப்பு உண்டு.

முதலாவது, உப்புத் தடவி வைப்பது. வேலை சுலபம், சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் சில வாரங்கள், மிஞ்சிப் போனால் சில மாதங்கள்தான் தாங்கும். பிறகு அழுக ஆரம்பித்துவிடும். இரண்டாவது, பதனிடுவது. சுண்ணாம்பில் ஊறவைத்து, ரோமம் நீக்கி, அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும், இந்தக் காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பிலும் போட்டு எடுக்கிறார்கள். அப்போது தோலின் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதன் தன்மையே மாறிவிடுகிறது. இனி அது அழுகாது. செருப்பாகி உங்கள் காலடியில் வருஷக்கணக்கில் உழைக்கும்.

மூளையிலும் இப்படித்தான். உப்பிட்ட ஞாபகம் ஒன்று, பதமிட்ட ஞாபகம் ஒன்று. அடுப்படிக்குப் போகும் வரை மனத்தில் நிற்கும் டெலிபோன் நம்பர் உப்பிட்டது. சின்ன வயதில் ஆயா சொன்ன கதை பதமிட்டது. ஒன்று மற்றொன்றாக மாறுவது எப்படி என்பதுதான் விஞ்ஞானிகளை நூறு வருஷத்துக்கு மேலாக அலைக்கழித்த கேள்வி.

தொட்டுக்கொள்ளாத உறவு

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான அணுக்களோடு பேச்சு வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அநேகமாக அவை ஒன்றையொன்று தொடுவதில்லை! நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் அகலம். இப்படி இரண்டு அணுக்கள் சந்திக்கும் இணைப்புக்கு 1897-ஆம் ஆண்டில் 'ஸினாப்ஸ்' என்று பெயர் வந்தது. பெயர் சூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த செர்ரிங்டன்.

நரம்பு வழியே மின்சாரமாக ஓடி வரும் செய்தி இந்தச் சந்தை எப்படித் தாண்டுகிறது? இதைக் கண்டுபிடித்தவர் ஆட்டோ லோவி. அவரே சொல்லி வந்த கதை ரசமானது. ஒரு நாள் ராத்திரி கனவில் ஒரு பரிசோதனை தோன்றியதாம். பாதித் தூக்கத்தில் ஒரு காகிதத்தில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தம் கையெழுத்தே புரியவில்லை! என்ன கனவு என்பதும் மறந்து போயிற்று. நல்லவேளையாக மறுநாள் ராத்திரி அதே கனவு வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. எழுந்து நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்துத் திரவத்தில் துடிக்க விட்டார். ஒன்றின் நரம்பை மட்டும் தூண்டினார். அதன் துடிப்பு மெதுவாயிற்று. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவாயிற்று! செய்தியைக் கொண்டு போனது மின்சாரம் அல்ல, ஒரு ரசாயனம் என்று 1921-இல் நிரூபணமாயிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சந்தின் இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ரசாயனத் தூதன் கிளம்புகிறான். அந்தப் பக்கத்து வீட்டின் கதவைத் தட்டுகிறான். ஞாபகத்தின் முழுக் கதையும் இந்தக் கதவுகளைப் பற்றியதுதான்.

இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவு

1949-இல் கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் டொனால்டு ஹெப் என்ற பேராசிரியர் ஒரு யூகத்தை வெளியிட்டார். ஓர் அணு அடிக்கடி இன்னோர் அணுவைத் தூண்டி எழுப்பினால், அவற்றுக்கிடையே உள்ள இணைப்பு உறுதிப்படும். கற்பது என்பது இதுதான் என்றார்.

அதே 1949-இல் நம் வேலூரில் இன்னொரு காரியம் நடந்தது. மாண்ட்ரீலில் பென்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவு அதற்கு முன் கிடையாது. மூளைக்கு வைத்தியம் என்றால் கப்பல் ஏற வேண்டும் என்றிருந்த காலத்தில், பாலாற்றங்கரையிலேயே அதற்கு ஒரு வாசல் திறந்தது. 1964-இல் சர்க்கார் அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது.

ஹெப் சொன்ன யூகம் மெய்யாவதற்கு 24 வருஷம் ஆயிற்று. 1973-இல் பிளிஸ், லோமோ என்ற இருவர், முயலின் மூளையில் ஓர் இணைப்பைச் சில விநாடிகள் வேகமாகத் தூண்டினால், பிறகு மணிக்கணக்கில் அது முன்னைவிட பலமாகச் செய்தி கடத்துகிறது என்று காட்டினார்கள்.

எப்படி? அந்தப் பக்கத்து வீட்டில் இரண்டு வகைக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று சாதாரணக் கதவு. தூதன் தட்டினால் திறக்கும். இன்னொன்று என்.எம்.டி.ஏ. என்ற இரட்டைத் தாழ்ப்பாள் கதவு. தூதன் தட்டினால் மட்டும் போதாது; வீட்டுக்காரரும் அதே சமயம் விழித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் கதவை அடைத்துக்கொண்டிருக்கும் மெக்னீசியம் விலகும். கால்சியம் உள்ளே பாயும். உடனே உள்ளே வேலை ஆரம்பம்! சாதாரணக் கதவுகள் இன்னும் பல பொருத்தப்படுகின்றன. அடுத்த தடவை மெல்லத் தட்டினாலே பலமாகக் கேட்கும்.

டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டே பாடம் படித்தால் ஏறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. தட்டினால் போதாது, உள்ளே விழித்திருக்கவும் வேண்டும்.

கடல் நத்தை சொன்ன ரகசியம்

சரி, இது உப்பிட்ட ஞாபகம். பதமிடுவது எப்போது? அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு கடல் நத்தை. எரிக் கேண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சுமார் இருபதாயிரம் நரம்பு அணுக்களே உள்ள ஒரு பெரிய கடல் நத்தையை எடுத்துக்கொண்டார். அதன் வாலில் ஒரு தடவை சுரீரென்று அதிர்ச்சி கொடுத்தால், அதற்குப் பின் லேசாகத் தொட்டாலும் செவுளைச் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும். சில நிமிஷங்களில் அதை மறந்துவிடும். அதே அதிர்ச்சியை இடைவெளி விட்டு, பல தடவை, சில நாட்களுக்குக் கொடுத்தால் வாரக்கணக்கில் மறக்காது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு தடவை என்றால் இணைப்பில் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் கொஞ்சம் மாறுகின்றன, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப நடந்தால் செய்தி அணுவின் நடுவே உள்ள மரபணுக்கள் வரை போகிறது. அங்கிருந்து புதுப் புரதங்கள் செய்ய உத்தரவு பிறக்கிறது. புது இணைப்புகளே முளைக்கின்றன. எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஞாபகம் என்பது காற்றில் எழுதிய எழுத்து அல்ல. உடம்பு கட்டிய கட்டடம் என்று தெரிந்தது. 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கேண்டலையும் வேறு இருவரையும் தேடி வந்தது.

கட்டடம் கட்ட நேரம் வேண்டாமா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிப்பதைவிட, ஒரு வாரம் தினம் அரைமணி படிப்பது மேல். படித்தபின் தூங்குவதும் படிப்பில் சேர்த்திதான். அன்று கற்றதை மூளை தூக்கத்தில் பதப்படுத்துகிறது. குழந்தையின் தூக்கத்தைத் திருடிப் படிப்பில் சேர்க்க நினைப்பது, தோலைத் தொட்டியிலிருந்து பாதியில் எடுத்துவிடுவது போலத்தான்.

தோலுக்கும் ஞாபகத்துக்கும் ஒரு வித்தியாசமும் உண்டு. பதனிட்ட தோல் அப்படியே இருக்கும். ஞாபகமோ, எடுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் இளகி மறுபடியும் இறுகுகிறது. 2000-இல் எலிகளிடம் நடந்த ஆராய்ச்சி இதைக் காட்டிற்று. ஆகவே, கல்யாணத்தில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று இருபது வருஷமாகச் சண்டை போடும் தம்பதிகளே, இரண்டு பேருமே மனசாரப் பொய் சொல்லாமல் இருக்கலாம்!

கை கற்ற பாடம்

ஞாபகத்தில் பல ஜாதி உண்டு என்பதை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞர். தீராத வலிப்புக்காக 1953-இல், அவருக்கு 27 வயதானபோது, மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை நீக்கினார்கள். கடல் குதிரை போல் வளைந்த ஒரு சின்ன உறுப்பு அது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-இல் இறக்கும் வரை, புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. தினமும் பார்க்கும் டாக்டர் தினமும் அந்நியர். சின்ன வயசு ஞாபகங்களோ பல அப்படியே இருந்தன.

ஹெப்பின் மாணவியும் பென்ஃபீல்டிடம் பணியாற்றியவருமான பிரெண்டா மில்னர் என்ற பெண்மணி அவரை ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் ஹென்றியின் கை தேறியது. ஆனால் அப்படி ஒரு காரியத்தைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை! நடந்ததை நினைவு வைக்கும் இடம் வேறு, கைப்பழக்கத்தைக் கற்கும் இடம் வேறு என்று புலப்பட்டது.

கைப்பழக்கம் என்றதும் மறுபடி வேலூருக்கே வர வேண்டியிருக்கிறது. 1940-களின் கடைசியில் அங்கே டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு அறுவை செய்தார். செயலற்ற தசைக்குப் பதிலாக, நல்ல நிலையில் உள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து விரலில் இணைத்துவிடுவார். மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாண் இனிமேல் கட்டைவிரலை அசைக்க வேண்டும்! நாணைத் தைப்பது டாக்டரின் வேலை. ஆனால், "இந்தத் தசைக்கு இனி இந்த வேலை" என்று கற்றுக்கொள்ள வேண்டியது நோயாளியின் மூளை. வாரக்கணக்கில் பயிற்சி, ஆயிரம் தடவை தப்பு, பிறகு ஒரு நாள் விரல் சொன்னபடி கேட்கும். மூடிய கை திறந்தால் கவளம் எடுக்கலாம், பேனா பிடிக்கலாம், கூலி வேலைக்குப் போகலாம்.

இன்று ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் ஏராளமான பெண்களும் இதே பாடத்தைத்தான் கற்கிறார்கள். முதல் வாரம் கோணல்மாணலாகப் போகும் தையல், சில மாதத்தில் பேசிக்கொண்டே தைத்தாலும் நேராகப் போகிறது. "அது கை தானாகச் செய்கிறது" என்பார்கள். கையல்ல, அம்மா, தலைக்குள் ஆயிரமாயிரம் இணைப்புகள் பதப்பட்டிருக்கின்றன! பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள் ஆனாலும் தன் மூளை மட்டம் என்று எந்தப் பெண்ணும் நினைக்க வேண்டியதில்லை.

சமையலறையில் உள்ள சாமான்

கட்டடத்துக்குச் சாமான் வேண்டும் என்றேன். குழந்தையின் மூளைக்கு முக்கியமான சாமான் இரும்புச் சத்து. அணுக்களுக்குச் சக்தி தரவும், நரம்பின் உறை வளரவும், தூது போகும் ரசாயனங்கள் சிலவற்றைச் செய்யவும் அது வேண்டும். இரண்டு வயதுக்குள் அது குறைந்துவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. அது ஈயம். நாம் பார்த்தோமே இரட்டைத் தாழ்ப்பாள் கதவு, அதையே ஈயம் மறிக்கிறது. வேலூரில் குழந்தைகளைப் பிறந்தது முதல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியில் இரும்பு, ஈயம் இரண்டையுமே அளந்து பார்த்தார்கள். பல குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடாத அளவில் இருந்தது. ரத்தத்தில் இரும்பு குறைந்த குழந்தையின் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பது இதில் பெரிய சங்கடம்.

உரியும் பழைய பெயின்ட், நிறத்துக்காகக் கலப்படம் செய்த மஞ்சள் தூள், கண்ணுக்கு இடும் சில வகைச் சுர்மா இவற்றிலெல்லாம் ஈயம் இருக்கலாம். குழந்தை கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு, கீரை, பயறு, அசைவம் சாப்பிடுகிறவர்களானால் ஈரல் ஆகியவற்றைச் சேருங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் டீ மட்டும் வேண்டாம். ஆவாரம்பட்டையில் தோலைப் பிணைக்கிறதே டானின் என்ற துவர்ப்பு, அதன் உறவுதான் டீயில் இருப்பது. அது இரும்பைப் பிணைத்து உடம்பில் சேராமல் செய்துவிடும்.

மாமியார் சொல்வது பொய்யல்ல

இனி, வாசலில் போய் "சோறு போடவில்லை" என்று சொன்னாரே, அந்த மாமியாரிடம் வருவோம்.

மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்ஸைமர் நோய். ஜெர்மானிய டாக்டர் அல்ஸைமர் 1906-இல் முதன்முதலாக அதை விவரித்தார். அமிலாய்டு என்ற புரதம் மூளையில் திரள்கிறது. அது பெரிய திட்டாகப் படியும் முன்பே, சின்னச் சின்னத் திரளாக இருக்கும்போதே இணைப்புகளைக் கெடுக்கத் தொடங்குகிறது. மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு மிகவும் ஒத்துப்போவது, எத்தனை இணைப்புகள் அழிந்தன என்ற கணக்குதான் என்று 1991-இல் தெரியவந்தது.

இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று, ஹென்றி இழந்த அதே கடல் குதிரை. அதனால்தான் தம் கல்யாணத்துக்கு யார் என்ன சீர் கொண்டு வந்தார்கள் என்று சொல்லும் மாமியாருக்கு, பத்து நிமிஷத்துக்கு முன் சாப்பிட்ட சாம்பார் சாதம் தெரியவில்லை. பழையது முன்பே பதப்பட்டுவிட்டது. புதியதற்கு உப்புத் தடவக்கூட ஆள் இல்லை. அவர் உங்கள் மானத்தை வாங்கப் பொய் சொல்லவில்லை. அவர் வரையில் அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை.

"வயசானால் அப்படித்தான்" என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளைமேல் கட்டிய ரத்தம், சாப்பிடும் சில மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவை வைத்தியம் செய்யக்கூடியவை. ஆகவே டாக்டரிடம் காட்டிவிடுவது முதல் காரியம். அல்ஸைமர் என்றே தெரிந்தாலும், லோவி கண்ட அந்த ரசாயனத் தூதன் சந்தில் கொஞ்சம் அதிக நேரம் தங்கும்படி செய்யும் மாத்திரைகள் உண்டு. நோயை அவை நீக்கா. சிலருக்குச் சில காலம் கை கொடுக்கும்.

இப்படிப்பட்ட முதியவர்களைப் பற்றிய உலகளாவிய ஆராய்ச்சி ஒன்றில் வேலூர்க் கிராமங்களும் இடம்பெற்றன. '10/66' என்பது அந்த ஆராய்ச்சிக் குழுவின் பெயர். இந்நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைக் குத்திக்காட்டும் பெயர் அது. ஏழை நாடுகளில் இவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்கள்தான். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. ஆகையால், மகன்களே, வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு மனைவியை வெளியே போய்வர விடுங்கள்.

மருமகளுக்கு ஒரு வார்த்தை. "இப்போதுதானே சாப்பிட்டீர்கள், ஞாபகம் இல்லையா?" என்று வாதாடிப் பயன் இல்லை. இல்லாத இடத்தில் தேடச் சொல்வதாகும் அது. "இதோ கொண்டு வருகிறேன், அத்தை" என்று சொல்லி ஒரு வாழைப்பழத் துண்டைக் கையில் கொடுங்கள். சாமான்களை வைத்த இடத்திலேயே வையுங்கள். குளியல், சாப்பாடு, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். பூத்தொடுக்கக் கை மறக்கவில்லையென்றால் கொஞ்சம் மல்லிகை வாங்கிக் கொடுங்கள். கையின் ஞாபகம் குடியிருக்கும் வீடு வேறு என்றோமே, அது பல நாள் பூட்டாமல் இருக்கும்.

கடைசியாக ஒன்று. 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஹிப்போகேம்பஸ் கெட்டுப்போனவர்களுக்குத் துயரமான சினிமாக் காட்சிகளைக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஆனால் துயரம் மட்டும் போகவில்லை. ஏன் வருத்தமாக இருக்கிறது என்று தெரியாமலே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமான காட்சிகளைக் காட்டியபோதும் அப்படியே, சந்தோஷம் தங்கியது.

நாம் திட்டியதை அத்தை மறந்துவிடுவார். திட்டிய வலியோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். நாம் சிரித்துக்கொண்டே கொடுத்த வாழைப்பழத்தையும் மறந்துவிடுவார். ஆனால் அந்தச் சாயங்காலம் அவருக்கு நல்ல சாயங்காலமாக இருக்கும்.